இடப்பக்கம் இழுக்கும் வண்டி

வாரத்தில் ஐந்து நாள்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
தண்டவாளம் குறுக்கிட்டால் நிறுத்தி,
கதவைத் திறந்து, காது கொடுத்து,
வராத ரயிலுக்கும் வழிவிட்டு
அப்புறம்தான் கடப்பேன்.

சனிக்கிழமை
டயரில் பாதிக்கு மேல் காற்றைப் பிடுங்கிவிடுகிறேன்.
பன்னிரண்டு பவுண்டு போதும்.
தளர்ந்த ரப்பர் கல்லின் மேல்
பிசைந்த மாவாக உட்காரும்.
யூட்டாவின் சிவப்புப் பாறை இது.
கோவேறு கழுதைப் படி என்று பெயர்.
கழுதை எதுவும் ஏறியதாகத் தகவல் இல்லை.

வண்டி, எண்பத்தாறாம் வருஷத்து டொயோட்டா.
தூக்கிக் கட்டிய ஸ்பிரிங் ஏதோ சரக்கு லாரி கழித்துப் போட்டது.
பம்பர், எண்ணெய்க் கிணற்றுக் குழாய்.
ஓட்டுநர் கதவு வேறொரு வண்டியுடையது,
வேறொரு நீலம்.
கியர்ப் பெட்டியை இரட்டையாக்கியிருக்கிறேன்.
எஞ்சின் அலறும்;
சக்கரமோ எறும்பிடம் வழி கேட்டு நகரும்.

மூன்றாம் படியில் மூக்கு மேலே போய்விட்டது.
கண்ணாடி முழுக்க வானம்.
பாதை இல்லை, பாறை இல்லை.
வானத்தின் அடி விளிம்பில்
இரண்டு கைகள் மட்டும்.
டெல்மரின் கைகள்.

டெல்மரும் நானும் பதினோரு வருஷம்
கணவன் மனைவி. இப்போது இல்லை.
அவன் வாய் சொன்னதை நம்பி
ஒரு வீட்டை இழந்தேன்.
அவன் கை சொன்னதை நம்பி
ஒருமுறைகூட உருண்டதில்லை.

உள்ளங்கை இடப்பக்கம் சாய்கிறது: கொஞ்சம்.
இன்னும் ஒரு விரல்கடை.
முஷ்டி: நில்.
மூச்சையும் நிறுத்தினேன், அவன் கேட்காமலே.

அப்புறம் அந்தச் சத்தம்,
தூக்கத்தில் கடைவாய்ப் பல் உடைந்த மாதிரி.
ஸ்டியரிங்கைத் திருப்பினால்
ஒரு சக்கரம்தான் கேட்கிறது.
மற்றது
கோபித்துக்கொண்ட பிள்ளையாய்
பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது.

பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம்.
வின்ச் கயிற்றை மேலே ஒரு பாறையின் கழுத்தில் கட்டினோம்.
அடியில் படுத்துப் பார்த்துவிட்டு டெல்மர்
"தண்டு" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

வெல்டிங்குக்கு பேட்டரி மூன்று வேண்டும்.
என்னுடையது ஒன்று, அவனுடையது ஒன்று.
மூன்றாவதைக் கீழே நின்ற ஜீப்பிலிருந்து கழற்றி
இடுப்பில் இடுக்கிக்கொண்டு
ஏறி வந்தாள் ரொவீனா.
அவனுடைய இப்போதைய மனைவி.
"எதை எதோடு சேர்க்கணும்?"
"என் பிளஸ்ஸை உன் மைனஸோடு" என்றேன்.
இருவரும் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டோம்.

கண் கவசம் ஒன்றுதான். அது அவனுக்கு.
நானும் அவளும் முதுகைத் திருப்பிக்கொண்டோம்.
பொழுது சாய்ந்திருந்தது.
பின்னால் அவன் தீப்பொறி கொட்டும்போதெல்லாம்
எதிர்ப்பாறையில் எங்கள் இரண்டு நிழலும்
பூதாகாரமாக எழுந்து, அணைந்து, எழுந்தன.
ஒரு அணைப்பின்போது அவள் கேட்டாள்:
"உன்கிட்டே இருந்தப்பவும்
பற்பசை மூடியைத் தொலைப்பானா?"
"பதினோரு வருஷமும்."

காக்கைக் கூடு மாதிரி ஒரு ஒட்டு.
தண்டு ஒரு விரல் குட்டையாகிவிட்டது.
ஆனாலும் பிடித்தது.
விளக்கு வெளிச்சத்தில் மறுபடி அந்தக் கைகள்,
இப்போது கரி பூசியிருந்தன.
மிச்சமிருந்த இரண்டு படிகளை
முக்கால் மணி நேரத்தில் ஏறினோம்.

உச்சியில் ஒன்றும் இல்லை.
காற்று. யாரோ நசுக்கிப் போட்ட பீர் டப்பா.
ரொவீனா அதை எடுத்துத்
தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வீடு வரை முப்பத்தொரு மைல்,
வண்டி இடப்பக்கமே இழுத்தது.
வலப்பக்கமாகப் பிடித்துப் பிடித்தே
நேராக வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலை.
பேருந்து, அதன் பாட்டுக்கு,
ஒழுங்காக நேரே போகிறது.
என் கைகள்தான்
இல்லாத இழுப்பை எதிர்த்து
வலப்பக்கம் வலப்பக்கம் என்கின்றன.
"மிஸ் லவோன், கோட்டைத் தாண்டுறீங்க"
என்கிறான் முன் இருக்கைப் பையன்.
தண்டவாளம் வருகிறது.
நிறுத்துகிறேன். கதவைத் திறக்கிறேன்.